சொகுசுக் கப்பலில் இரவு விருந்துக்கான உடை, கப்பல் கடை: டெல்டா குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்திலிருந்து சொகுசுக் கப்பலுக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர், அங்கே மரினா பே முனையத்தில் கப்பல், பினாங்கு, புக்கெட் என்று 3 அல்லது 4 இரவு சுற்றிவிட்டுத் திரும்ப அதே முனையம். டிக்கெட்டைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ போட்டிருப்பார்கள். அந்த டிக்கெட்டோடு வரும் குறிப்பில் ‘ஃபார்மல் நைட்’, ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று இருப்பதைப் படித்ததும் அப்பாவுக்குக் கோட்டு தைக்கவும் அம்மாவுக்குப் புது உடை எடுக்கவும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அது தேவையில்லாத செலவு. வீட்டு பீரோவில் கல்யாணத்துக்கென்று இருக்கும் பட்டும் வேட்டியும் கப்பலின் எந்த விருந்துக் கூடத்துக்கும் போதும். காற்று, ஏசி, அயர்ன் பாக்ஸ் இல்லாத அறை ஆகிய மூன்றுக்கும் ஏற்ப அவற்றைத் தயார் செய்வதில்தான் வேலை இருக்கிறது. கப்பல் கடையிலும் அப்படித்தான். கும்பகோணத்து நகைக்கடையில் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அங்கேயும் கேட்டால் போதும்.

முதலில் ஒரு தெளிவு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை, சில மணி நேரத்தில் கரை சேர்க்கும் பயணிகள் கப்பல். இங்கே சொல்லும் உடை விதிகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

உடை விதி என்ன சொல்கிறது

விதி பெரும்பாலும் மாலை 6 மணிக்கு மேல், மேசைக்கு வந்து பரிமாறும் பெரிய உணவுக்கூடத்துக்குத்தான். மேல்தளத்து பஃபேயில் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. உடுத்த மனமில்லாத அன்று அங்கே போய்ச் சாப்பிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

‘கேஷுவல்’ என்றால் சுத்தமான சட்டை பேன்ட், சுடிதார், சாதாரணப் புடவை. ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் காலர் வைத்த சட்டை, முழு பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ. பெண்களுக்குச் சில்க் காட்டன், சாஃப்ட் சில்க் அளவில் ஒரு புடவை. ‘ஃபார்மல்’ என்றால் முகூர்த்த உடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 5 இரவுப் பயணத்தில் ஃபார்மல் நைட் பொதுவாக ஒன்றுதான் வரும், பெரும்பாலும் இரண்டாவது இரவில். 7 இரவுப் பயணம் என்றால் இரண்டு வரலாம். நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல்களில் கட்டாய ஃபார்மல் நைட்டே கிடையாது. அதற்கு நேர் எதிர் குனார்ட் நிறுவனம்: ‘காலா’ (Gala) எனும் சிறப்பு விருந்து இரவுகளில் ஆண்களிடம் கறுப்புக் கோட்டு, போ டை எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவர்களும் அவரவர் நாட்டு விருந்து உடையை ஏற்கிறார்கள். ஆகவே பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் என்று போகும் ஒருவர் விதியை மீறவில்லை. வாசலில் யாராவது தயங்கினால், ‘இது எங்கள் நாட்டு ஃபார்மல் உடை’ என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அன்றைய இரவு எந்த உடை என்பது கப்பலின் ஆப்பிலும், அறைக்கு வரும் தினசரித் தாளிலும் இருக்கும். காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில கப்பல்களில் ‘வெள்ளை இரவு’ என்று ஒன்று வைப்பார்கள். வெள்ளை வேட்டி சட்டைக்கு அதைவிடப் பொருத்தமான இரவு கிடையாது.

உணவுக்கூடத்துக்குள் ஆகாதவையும் உண்டு: நீச்சல் உடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு. நம் பக்கத்துக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியவை கைலியும் நைட்டியும். இரண்டும் அறைக்குள் மட்டும். காலை காபிக்கு பஃபே வரை நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு போவதும் வேண்டாம். அந்த நடைபாதை தெருவுக்குச் சமம்.

புடவை: ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

கப்பல் அறையில் அயர்ன் பாக்ஸும் துணி ஸ்டீமரும் தடை. தீ அபாயம்தான் காரணம். பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் அன்று தருவார்கள். ஊதுபத்தி, சூடம், மெழுகுவத்தி ஆகியவற்றுக்கும் இதே கதிதான். தேய்த்துக் கொடுக்கும் சேவை கப்பலில் உண்டு, ஒவ்வொரு துணிக்கும் தனிக் கட்டணம். ஜரிகை வைத்த பட்டை அங்கே கொடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம். சூடு எவ்வளவு வைக்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்குப் பழக்கம் இருக்காது.

ஆகவே கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கொசுவமும் முந்தானை மடிப்பும் முன்கூட்டியே வைத்துத் தேய்த்து, பெட்டி மடிப்பாக மடித்துத் தரும் கடையில் விருந்துப் புடவையைக் கொடுத்துவிடுங்கள். இன்று டெல்டா ஊர்களின் அழகு நிலையங்களிலும் இதைச் செய்கிறார்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கப்பலில் போடப்போகும் அதே செருப்போடு நின்று இடுப்பிலிருந்து பாதம் வரை அளவு கொடுங்கள். இரண்டு, வழக்கத்தைவிட ஓர் அங்குலம் தூக்கி மடிக்கச் சொல்லுங்கள். வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளின் கீழே வாசற்படி போல் உயர்ந்த விளிம்பு இருக்கும். தரையைத் தொடும் ஃபால்ஸ் அதில் மாட்டித்தான் விழுகிறார்கள்.

எந்தப் புடவை? ஒரே ஒரு கனமான பட்டு போதும். திருபுவனம் பட்டு எடுத்துப்போவதானால், கடையில் கொடுத்த விசிறி மடிப்பிலேயே பெட்டியில் அழுத்தி வைக்காதீர்கள். ஒரே மடிப்புக் கோட்டில் எடை விழுந்தால் ஜரிகை அங்கேயே ஒடியும். மடிப்பை மாற்றி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கூறைநாட்டுப் புடவை வீட்டில் இருந்தால் கப்பலுக்கு அதுவே எங்கள் முதல் தேர்வு. கனம் குறைவு, கசங்கல் குறைவு, வேர்த்தாலும் தாங்கும். கல்யாணத்தோடு உள்ளே போன புடவையை வெளியே எடுக்க இது நல்ல சாக்கு.

ஊக்கு தாராளமாக வையுங்கள். தோளில் இரண்டு, கொசுவத்தின் உள்பக்கம் ஒன்று, முந்தானையை இடுப்பின் பின்புறம் பிடிக்க ஒன்று. தளத்தில் காற்று எப்போதும் இருக்கும். கப்பல் ஓடுகிற வேகமும் சேர்வதால் கரையில் இலேசாக இருக்கும் காற்றுகூட மேலே முந்தானையைப் பறித்துவிடும். படம் எடுக்க வெளியே போகிறவர்கள் முந்தானையை விரித்துவிடாமல் மடிப்பாகக் குத்திக்கொள்வது நல்லது. லிஃப்ட் கதவிலும் அது சிக்காமல் இருக்கும்.

உணவுக்கூடத்திலும் நாடக அரங்கிலும் ஏசி கடுமையாக இருக்கும். சால்வை ஒன்று அவசியம். வயதானவர்களுக்கு முழங்கை வரை கை வைத்த ரவிக்கையே சரி. செருப்பில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குதிகால் வேண்டாம், அதுவும் கட்டைக் குதிகாலாக இருக்கட்டும். கப்பல் மெல்ல ஆடும்போது ஊசிக் குதிகாலில் படி இறங்குவது ஆபத்து.

வேட்டி கட்டுகிறவர்களுக்கு

4 முழ ஒற்றை வேட்டி காற்றில் விலகும். 8 முழ இரட்டை வேட்டி எடுங்கள், மேலே பெல்ட் கட்டுங்கள். கட்டிப் பழக்கமில்லாத மகன்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி. பஞ்சகச்சம் கட்டத் தெரிந்தவர் இருந்தால் அதுதான் கப்பலுக்கு மிகப் பாதுகாப்பு, எந்தக் காற்றிலும் அசையாது. கஞ்சி போட்ட பருத்தி வேட்டி பெட்டியில் உடைந்துபோகும். மடிக்காமல், செய்தித்தாளை உருளையாக்கி அதன்மேல் சுற்றி எடுத்துப்போனால் கோடு விழாது. அப்படியும் கசங்கினால் குளியலறைக் கதவை மூடி, வெந்நீர் ஷவரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, ஆவி படும்படி தொங்கவிடுங்கள். இது பருத்திக்கு மட்டும். பட்டிலும் ஜரிகையிலும் ஆவி காட்டாதீர்கள்.

விருந்துக் கூடத்தில் வேட்டியை மடித்துக் கட்டக் கூடாது. கணுக்கால் வரை இறக்கியே இருக்க வேண்டும். மடித்த நொடியில் அது அரைக்கால் சட்டைக்குச் சமமாகி, விதிக்கு வெளியே போய்விடும். காலில் பின்வார் வைத்த தோல் செருப்போ மூடிய ஷூவோ போடுங்கள். அங்கவஸ்திரத்தை அழகுக்கென்று மட்டும் நினைக்க வேண்டாம், ஏசியில் அதுதான் போர்வை.

வெள்ளையில் தக்காளிச் சாறு பட்டால் தேய்க்கக் கூடாது. மேலே இருப்பதைக் கரண்டியால் வழித்துவிட்டு, அறைக்கு வந்ததும் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீர் ஓடவிட்டுச் சோப்பு போடுங்கள். பட்டில் எண்ணெய் பட்டால் தண்ணீரே வேண்டாம். முகப் பவுடரைக் குவித்து இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடையும் குட்டி வேட்டி சட்டையும் போதும்.

பெட்டியும் அறையும்

4 இரவுக்கு, பெண்களுக்குக் கனமான பட்டு 1, இலேசான புடவை அல்லது சுடிதார் 3, சால்வை 1, செருப்பு 2 ஜோடி. ஆண்களுக்குப் பட்டு வேட்டி செட் 1, பேன்ட் 2, காலர் சட்டை 4, ஷூ 1, செருப்பு 1. பகல் உடை தனி.

முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி உங்களோடு வராது. ஊழியர்கள் அதை அறை வாசலில் வைக்கும்போது மாலை ஆகிவிடும், சில சமயம் விருந்து நேரமும் தாண்டிவிடும். முதல் இரவுக்கான உடை, மாத்திரை, பாஸ்போர்ட், நகை நான்கும் கைப்பையில் இருக்க வேண்டும். அதேபோல் கடைசி இரவில், குறித்த நேரத்துக்குள் பெட்டியை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் இறங்கும்போது போட வேண்டிய உடையையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, இரவு உடையோடு இறங்குகிறவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. அன்று மாலையே ஒரு செட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பெட்டியை மூடுங்கள்.

அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கைந்து எடுத்துப்போனால் புடவை, சால்வை, பை எல்லாம் தொங்கவிடலாம், சுருங்கிய அலமாரி பெரிதாகிவிடும். அறையின் சிறிய பெட்டகத்தில் நகையை வையுங்கள். நீச்சல் குளத்துக்கு மோதிரத்தோடு போக வேண்டாம், விரல் குளிர்ந்து சுருங்கினால் கழன்றுவிடும்.

சைவம், ஜைன உணவு போன்ற தேவைகளை டிக்கெட் போடும்போதே பதிவு செய்து, முதல் இரவே உணவுக்கூடத் தலைமைப் பரிமாறுநரிடம் மறுபடி சொல்லுங்கள். அவர் மறுநாள் பட்டியலையே காட்டிக் கேட்பார்.

ஃபார்மல் நைட்டில் படிக்கட்டு அருகே கப்பலின் படக்காரர்கள் நிற்பார்கள். நின்று எடுத்துக்கொள்வதற்குக் காசு இல்லை, படத்தை வாங்கினால்தான். விலை அதிகம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மூன்று தலைமுறையும் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு படத்தை மட்டும் வாங்குங்கள்.

கப்பல் கடை எப்படி இயங்குகிறது

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கடைகள் மூடியிருக்கும். வெளிக்கடலுக்குப் போன பிறகே திறப்பார்கள். வரியில்லாத விற்பனைக்கு இருக்கும் சுங்க நிபந்தனை அது. ‘ட்யூட்டி ஃப்ரீ’ என்றால் உள்நாட்டு வரி இல்லை என்று மட்டுமே அர்த்தம். விலை மலிவு என்று எந்தப் பலகையும் உறுதி சொல்லவில்லை. ஊரில் கிளம்பும் முன்பே வாங்க நினைக்கும் சென்ட், கைக்கடிகாரம் எதுவானாலும் மாடல் எண்ணோடு இந்திய விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் இணையம் காசு கொடுத்துத்தான் கிடைக்கும். சென்ட்டை மில்லிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பயணிகளுக்கென்றே தனியாகக் கட்டிய செட்டுகளை வெளிக்கடை விலையோடு ஒப்பிடவே முடியாது, அவற்றில்தான் ஏமாற்றம் அதிகம்.

கப்பலில் ரொக்கம் ஓடாது. அறைச் சாவியான அட்டையில் எல்லாம் ஏறி, கடைசியில் கிரெடிட் கார்டில் கழியும். கணக்கு ராயல் கரீபியனில் அமெரிக்க டாலர், ஜென்டிங் ட்ரீம் கப்பலில் சிங்கப்பூர் டாலர். விலைச்சீட்டில் வெறும் டாலர் குறி இருந்தால் எது என்று கேளுங்கள். இந்தியக் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம், உண்டு. அது 3.5% என்றால், அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 4.13% ஆகும். ‘ரூபாயில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் இன்னும் மோசமாக இருக்கும். டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், முன்வைப்பாகத் தொகையை முடக்கினால் திரும்பி வர நாளாகும். அட்டைக் கணக்கைத் தினமும் ஆப்பிலோ டிவியிலோ பாருங்கள். தவறான பதிவை இறங்கும் முன் திருத்துவது எளிது, ஊருக்கு வந்தபின் பெரும்பாடு.

தங்கமும் கல்லும்

இந்த இடத்தில்தான் டெல்டாக்காரர்கள் நிதானிக்க வேண்டும். நம் வீட்டுத் தங்கம் 22 காரட், 916. கப்பல் கடையில் இருப்பது பெரும்பாலும் 14 காரட் அல்லது 18 காரட். நகையின் உள்பக்கத்தில் 585 என்றிருந்தால் 14 காரட், 750 என்றிருந்தால் 18 காரட். 10 கிராம் சங்கிலியில் 22 காரட்டில் 9.16 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். 18 காரட்டில் 7.5 கிராம், 14 காரட்டில் 5.85 கிராம். நாளைக்குக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மாற்றப் போனால் கடைக்காரர் இந்த அளவைத்தான் பார்ப்பார், கல்லின் எடையையும் கழிப்பார். நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை காரட், கல் நீக்கி எத்தனை கிராம், முழுத் தங்கமா முலாமா, பில்லில் இதெல்லாம் எழுதித் தருவீர்களா. நாலாவதற்குத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

அங்குலக் கணக்கில் வெட்டித் தரும் சங்கிலி விற்பனை நடைபாதையில் கூட்டமாக நடக்கும். அது தங்கப் பூச்சு கொண்ட உலோகம். அணிந்து அழகு பார்க்க வாங்கலாம், சேமிப்பாக எண்ணி வாங்கக் கூடாது.

டான்சனைட் என்ற நீல நிறக் கல்லைப் பற்றிக் கப்பல்களில் விடாமல் பேசுவார்கள். தான்சானியாவில் மட்டுமே கிடைக்கும் கல், 1967-ல் கண்டெடுக்கப்பட்டது, நிறம் உண்மையிலேயே அழகு. ஆனால் கடினத்தில் அது நவரத்தினத்தில் வரும் நீலத்துக்கு (சஃபையர்) எட்டாது, கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 6 முதல் 7 வரைதான். பாத்திரம் தேய்க்கும் கையில் மோதிரமாகப் போட்டால் கீறல் விழும். தோடாகவோ பதக்கமாகவோ போடுங்கள்.

துறைமுகத்தில் ‘இந்தக் கடையில் வாங்குங்கள்’ என்று கப்பலில் தரும் வரைபடம், விளம்பரக் கட்டணம் கொடுத்த கடைகளின் பட்டியல். அதில் இல்லாத கடை கெட்ட கடை என்று அர்த்தமில்லை. கைக்கடிகாரத்துக்கு முத்திரையிட்ட சர்வதேச உத்தரவாத அட்டையை வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஓவிய ஏலத்தில் கையைத் தூக்கும் முன், விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் அனுப்பும் செலவும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். கப்பல் பெயர் போட்ட டீ ஷர்ட், தொப்பி போன்றவை கடைசி நாளில் விலை இறங்கும். பேரப்பிள்ளைகளுக்கு வாங்க அதுவே நேரம்.

மது வாங்கினால் உடனே கையில் தர மாட்டார்கள், கடைசி இரவில்தான் தருவார்கள். சிங்கப்பூரில் இறங்கும்போது வரிவிலக்கு வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரம் வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக் கூடாது. கடைசித் துறைமுகம் பினாங்கு என்றால் யோசித்து வாங்குங்கள். விமானத்தில் அந்தப் பாட்டில் கைப்பையில் போகாது, பெரிய பெட்டியில்தான். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கே இல்லை. வேப் எனும் மின் சிகரெட் தடை, மெல்லும் புகையிலையும் தடை. கும்பகோணம் வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் அந்தப் பொட்டலத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

திருச்சியில்: போகும்போதும் வரும்போதும்

போகும்போது கழுத்திலும் கையிலும் கனமாக நகை இருந்தால், விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். நகை, அதன் பில், படம் மூன்றையும் காட்ட வேண்டும். எடையும் விவரமும் எழுதிக் கொடுப்பார்கள். அதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். பாதுகாப்புச் சோதனை தாண்டிய பிறகு நினைவு வந்தால் பயன் இல்லை. இந்தச் சான்று இல்லாவிட்டால், திரும்பும்போது அது நம் பழைய நகைதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில். இதைவிட எளிய வழி, தாலிக்கொடி, ஒரு சங்கிலி, இரண்டு வளையலோடு நிறுத்திக்கொண்டு, விருந்து இரவுக்கு அட்டிகையும் ஜிமிக்கியும் கவரிங்கில் எடுத்துப்போவது.

வரும்போது தெரிந்திருக்க வேண்டியது: நகைக்கான தனி வரிவிலக்கு, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்குத்தான். நாலு நாள் பயணத்தில் கப்பலில் வாங்கிய தங்கத்துக்கு அது கிடையாது. மற்ற பொருள்களுக்கான வரம்பை 2016 பேகேஜ் விதிகள் (பயணிகள் கொண்டுவரும் பொருள்களுக்கான சுங்க விதிகள்) ஒருவருக்கு 50,000 ரூபாய் என்று வைத்திருந்தன, 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் அதை 75,000 ரூபாய் ஆக்கின. இது திருத்தப்படக்கூடிய தொகை என்பதால் கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை தளத்தில் அன்றைய வரம்பைப் பாருங்கள். வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கணவன் மனைவி வரம்பைக் கூட்டி ஒரே கைக்கடிகாரத்துக்குக் காட்ட முடியாது. மது 2 லிட்டர், சிகரெட் 100 வரைதான்.

கப்பல் பில், துறைமுகக் கடை பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் மங்கிவிடும், அன்றன்றே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால், தீர்வை கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டி, தீர்வை கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் தீர்வையோடு அபராதமும் சேரும், பொருளையும் நிறுத்தி வைப்பார்கள்.